தரகரின் தொண்டை மெஷினும் என் எலுமிச்சம்பழமும்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று என் வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் வில்லியனூரிலிருந்து மூலக்குளம் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஓடுகிற கடிகாரமோ, பாடுகிற ரேடியோவோ, வேலை செய்கிற ரிமோட்டோ ஒரு தடவையாவது என் கை பட்டதாக இருக்கும். டிப்ளமா படித்தவர்கள் "இது போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று திருப்பி அனுப்பியதைப் பல் விளக்கும் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட வைத்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நம் மெக்கானிக் சங்க மலருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதச் சொன்னார் செயலாளர். "ஜெயிச்சத எழுதுங்கண்ணா" என்றார். நான் ஜெயித்ததையெல்லாம் எழுத இந்த மலர் பத்தாது. ஆகவே தோற்றதில் ஒன்றை எழுதுகிறேன். தோற்றது என்றால் அரை நாள் தோற்றேன். அரை நாள்தான்.

உங்களுக்கே தெரியும், நம் மேஜைக்கு வருகிற பழைய சாமான்களில் பாதி கெட்டுப்போனவை அல்ல. பேட்டரி கசிந்தவை. ஒரு மூலையில் போட்டு மறந்துவிடுவார்கள். பேட்டரி வாய் பிளந்து உள்ளே இருக்கிற சரக்கு வெளியே வந்து, ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஒருவர் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகட்டின் மேல்பூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டு வருவார். ஒருவர் விபூதி போட்டுத் துடைத்துவிட்டு வருவார். ஒருவர் சாக்லேட் காகிதத்தை மடித்துச் செருகி, நானும் மெக்கானிக்தான் என்ற முகத்தோடு வருவார். நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். வெள்ளைப் பூப்பு என்றால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. பொரிந்து அடங்கியதும் ஈரத்துணி, ஸ்பிரிட், காய்ந்த துணி. முடிந்தது. கடை மேஜையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் திருஷ்டிக்கு வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். திருஷ்டிக்கும் ஆகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

நான் கடையை என் மருமகள் கையில் கொடுப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது இது.

காலை பத்து மணி. ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக் கரைத் துண்டு, கழுத்தைச் சுற்றிச் சின்னப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு வெள்ளைத் துணி. கரியமாணிக்கத்து மாட்டுத் தரகர். மதகடிப்பட்டுச் சந்தையில் அவர் குரல் ஒரு காலத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும். அந்தக் குரல் இப்போது இல்லை. தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே கழுத்தில் வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் அது பேச்சாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது. ஒரு வண்டு தமிழ் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

அவர் அதைக் கழுத்தில் வைத்தார்.

"ரேடியோக்... நீதான... எலுமிச்..."

அவ்வளவுதான் வந்தது. மெஷினை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். அது "கொர்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிட்டது.

மகள்தான் பேசினாள். மேகலா என்று பெயர். "அங்கிள், நாளைக்குக் காலைல எனக்குப் பரிசம். பண்டசோழநல்லூர்லேந்து மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. அப்பாதான் வார்த்த சொல்லணும். இது ரெண்டு நாளா வுட்டு வுட்டுப் பேசுது."

எங்கள் பக்கத்தில் பரிசம் என்றால் தெரியும்தானே. தாம்பூலத் தட்டை மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் சபையில் மூன்று தடவை சொல்ல வேண்டும்: "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு." மூன்று தடவை சொன்னால்தான் முடிந்ததாகக் கணக்கு. எழுதிக் காட்டினால் ஆகாது. வாயால் சொல்ல வேண்டும்.

"முடியலன்னா சித்தப்பா சொல்றேன்றாரு" என்றாள் மேகலா. "நல்ல காரியத்துல இந்தச் சத்தம் எதுக்குன்றாரு."

தரகர் மெஷினை எடுத்துக் கழுத்தில் குத்துகிற மாதிரி வைத்தார். "அவன் சொல்... நான் இன்னா... செத்தா பூட்டேன்?"

அதில் கடைசி இரண்டு சொல் மட்டும் சேர்ந்தாற்போல் வந்தன. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அரை மணி நேரம்" என்றேன். "டீ குடிச்சிட்டு வாங்க. நாளைக்கு நீங்க பேசற பேச்சு பண்டசோழநல்லூர்ல கேக்கும்."

அவர் டீக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூடியைத் திறந்தேன். இரண்டு பென்சில் பேட்டரி. ஒன்று புதுசு, ஒன்று ஆதி காலத்தது. பழையது கசிந்து ஸ்பிரிங் முழுதும் பூத்திருந்தது.

"ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. யாரு போட்டது?"

தரகர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"எது தீந்துச்சோ அத மட்டுந்தான் மாத்துவாரு அங்கிள்" என்றாள் மேகலா. "இன்னொண்ணுல உசுரு இருக்குதாம். அத எப்டித் தூக்கிப் போட்றதுன்னு கேப்பாரு."

"ஏன் தரகரே, கெழட்டு மாட்டையும் வாலிப மாட்டையும் ஒரே நொகத்தடில பூட்டுவீங்களா?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. தோள் மட்டும் குலுங்கும்.

இருபது நிமிடத்தில் முடித்தேன். ஸ்பிரிங்கும் தகடும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி மின்னின. இரண்டு புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். "வணக்கம் சொல்லுங்க" என்றேன். சொன்னார். கணீரென்று வந்தது, அதாவது, அந்த மெஷினுக்கு எது கணீரோ அந்தக் கணீர். கடையில் நின்ற இரண்டு பேரைத் திரும்பிப் பார்த்தேன், அவர்களும் கேட்டார்களா என்று.

தரகர் மட்டும் மெஷினின் வயிற்றைத் திறந்து அந்தப் பளபளப்பை ஒரு நிமிடம் பார்த்தார். "கொம்பு சீவி, எண்ண தடவி, சந்தைக்கு ஓட்டியாந்த மாடு மாரி இருக்குது" என்றார். "நடக்க வுட்டுப் பாத்தியா?"

"என் கை பட்டா ஓடும், போங்க" என்றேன்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் மாடு பார்த்த மனுஷன் தன் தொழிலின் முழு ரகசியத்தையும் ஒரு கேள்வியில் வைத்துக் கொடுத்தார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து வழியனுப்பி வைத்தேன்.

நாலரை மணிக்கு ஸ்கூட்டர் திரும்பி வந்தது. தரகர் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மெஷினை என் மேஜையில் வைத்தார். போடவில்லை, வைத்தார். அது போட்டதைவிட மோசமாக இருந்தது.

"வூட்ல உறவுக்காரங்க முன்னாடி சொல்லிப் பாத்தாரு அங்கிள்" என்றாள் மேகலா. "ரெண்டு தடவ நல்லா வந்துச்சி. மூணாவது தடவ 'பாக்கு எங்களுக்கு'ன்னு சொன்னாரு, பொசுக்குனு நின்னுடுச்சி. எல்லாம் சிரிச்சிட்டாங்க. சித்தப்பா 'சரி வுடுண்ணா, நான் பாத்துக்கறேன்'னு சொன்னாரு. அப்பா நேரா வந்து வண்டில ஏறி ஒக்காந்துட்டாரு."

நான் திறந்து பார்த்தேன். என் வேலை அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரி புதுசு. ஆனால் மெஷினைச் செங்குத்தாகப் பிடித்தால் பேசியது. கழுத்தில் வைக்கிற சாய்வில் பிடித்தால் செத்துவிட்டது. இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்தபோது, ஸ்பிரிங்குக்குப் பின்னால் இடுக்கில் காவி நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தேன்.

புளி.

"இதுக்கு முன்னாடி யாராவது தொட்டீங்களா?"

மேகலாவின் முகம் மாறிவிட்டது. "போன மாசம் நான்தான் அங்கிள். லேசா பச்ச பூத்திருந்துச்சி. வெள்ளிக்கெழம வெளக்கு தேக்கறப்ப இதையும் புளியும் உப்பும் போட்டுத் தேச்சிட்டேன். பொன்னு மாரி ஆச்சி. அப்பா கூட சந்தோசப்பட்டாரு."

குத்துவிளக்கு பித்தளை, புளியும் உப்பும் தேய்த்துவிட்டுக் கிணற்றடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மெஷினை எங்கே கழுவுவது? உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு மாதமாக இருந்த இடத்திலிருந்து அரித்துக்கொண்டே போயிருக்கிறது. காலையில் நான் கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாத பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அதுவா தோன்றியது? இல்லை. எனக்குத் தோன்றியது, அப்பாடா, தப்பித்தேன் என்பதுதான். கையில் ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. பொய்ச் சாக்குகூட இல்லை, நூற்றுக்கு நூறு உண்மையான சாக்கு. கடையில் அப்போது ஆட்களும் இருந்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அதான பாத்தேன். நம்ம வேலைல கொற வருமா? புளியப் போட்டுத் தேச்சா..."

என் வலது கை மேல் ஒரு துண்டு விழுந்தது. பச்சைக் கரைத் துண்டு.

மாட்டுச் சந்தை பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டு விலையைத் தரகர்கள் வாயால் பேச மாட்டார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று, இரண்டு பேர் கையையும் சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு விரலால் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. முழுக் கையையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் பேரம் முடிந்தது. அப்புறம் மாற்றிப் பேசுகிறவன் மனுஷன் இல்லை. என் அப்பா ஊரான் மாடு மேய்த்தவர். அவர் பின்னாலேயே சந்தைக்குப் போய்த்தான் நான் வளர்ந்தேன். அதனால் எனக்கு அந்தப் பாஷை தெரியும்.

தரகர் துண்டுக்குள் என் ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார். மற்றொரு கையால் தன் நெஞ்சைக் காட்டினார். இரண்டாவது விரலை அழுத்தினார், மகளைக் காட்டினார். மூன்றாவது விரலை அழுத்தும்போது என் கண்ணையே பார்த்தார். எங்கும் காட்டவில்லை.

மேகலா மெல்லச் சொன்னாள். "மூணு பேருந்தான்றாரு."

நான் ஆரம்பித்த பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். உண்மைதானே. ஜோடி சேராத பேட்டரி அவருடையது, புளி அந்தப் பெண்ணுடையது, பார்க்காமலே முடிந்தது என்று சொன்ன வாய் என்னுடையது. ஆளுக்கு ஒரு விரல்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் திறந்தேன். ஸ்பிரிங்கிலிருந்து சர்க்யூட் போர்டுக்குப் போகிற கறுப்பு ஒயரின் தோலைச் சீவினால், உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் கரி மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் சீவினேன். இன்னும் கரி. அரிப்பு ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போய், போர்டில் பற்றவைத்த இடம் வரைக்கும் எட்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்து ஒருவர் கடை வாசலில் நின்று கத்துகிறார். "அண்ணே, ரிமோட்டு ஆச்சா? மேட்ச் ஆரம்பிச்சிடும்பா."

"எழுந்து போயி டிவியிலயே பட்டன அழுத்துயா" என்றேன். "காலு இருக்குதுல்ல."

பிறகு தரகரைப் பார்த்துத் திரும்பி, முப்பத்தைந்து வருடமாக அந்த மேஜையில் நான் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியல தரகரே. ரெண்டு வழி இருக்குது. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் இமைக்காமல் கேட்டார்.

"மொத வழி. ஒரு சாக்லேட் காயிதத்த மடிச்சிச் செருகி, இறுக்கிக் கட்டிக் குடுத்துடறேன். நாளைக்குப் பேசும். பேசலாம். மூணாவது தடவைலயும் நிக்கலாம். ரெண்டாவது வழி, அழுகனது மொத்தத்தையும் வெட்டி எடுத்துட்டு வேற போடறது. அந்த போர்டு ஏற்கெனவே அரிச்சிப் போயிருக்குது. சூடு வெக்கும்போது செம்பு உரிஞ்சி வந்துட்டா, நாளைக்கு மட்டும் இல்ல, மெஷினே என்னிக்கும் பேசாது."

"புதுசு வர எவ்ளோ நாள் ஆவும் அங்கிள்?"

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்து, அவங்க வரவழைக்கணும். மாசக்கணக்கு ஆவும்."

இதைக் கேட்டதும் மேகலா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, மொத வழியே போதும்பா. நின்னா நிக்கட்டும். சித்தப்பா சொல்லட்டும். நாளைக்குப் பின்னாடி நீ என்கிட்ட பேச வேணாமா?"

தரகர் கையால் ஒரு மாட்டின் கொம்பைச் சீவுகிற மாதிரி சைகை செய்து, அதை ஒதுக்கித் தள்ளினார். துண்டை எடுத்து மறுபடியும் என் கைமேல் போட்டார். இரண்டு விரலைப் பிடித்தார்.

"யோசிச்சிக்கிங்க" என்றேன்.

இரண்டு விரல்தான். அப்புறம் முழுக் கையையும் பிடித்து ஒரு குலுக்கு. பேரம் முடிந்தது.

நான் சால்டரிங் ராடை எடுத்தேன். முனை ஒயரில் நிற்காமல் தள்ளிப் போனது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு தடவை தள்ளிப் போனது. ராடைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன். மேஜையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடித்தேன். உப்பைக் கையில் எடுக்கும்போது மேகலா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். கை நிதானத்துக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். அவசரம் வாடிக்கையாளருக்கு இருக்கலாம். அது உங்கள் கைக்குள் ஏறிவிட்டால் எழுந்து போய்விடுங்கள். ஐந்து நிமிடத்தில் எந்தப் பரிசமும் நின்றுவிடாது.

எப்படிச் செய்தேன் என்று இழுக்கப் போவதில்லை. அது உங்களுக்கே வரும். ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். புது ஒயரை வைக்கும்போது போர்டில் செம்பின் ஓரம் ஒரு மயிரிழை தூக்கியது. வழக்கமாக நான் என்ன செய்வேன்? அதை அமுக்கி, நேராக்கி, பார்க்க லட்சணமாகப் பண்ண முயற்சி செய்வேன். என் வேலை அழகாக இருக்க வேண்டும் எனக்கு. அன்றைக்கு அந்த இடத்தை விட்டு விலகினேன். செம்பு கெட்டியாக இருக்கிற வேறு இடம் தேடி, ஒயரைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்ப் பற்றவைத்தேன். உடைந்த ரயில் பொம்மை ஒன்றிலிருந்து ஸ்பிரிங் எடுத்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. இந்தத் தொழிலில் நான் செய்ததிலேயே அசிங்கமான வேலை அதுதான். நல்ல வேலையும் அதுதான்.

மூடியை மாட்டிக் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை வணக்கம் சொல்லச் சொல்லவில்லை.

"நடக்க வுட்டுப் பாக்கலாம் தரகரே. அரை மணி நேரம் நிறுத்தாம பேசுங்க."

அவர் கழுத்தில் வைத்தார். "இன்னா பேசறது?"

வந்தது. மேகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

"உன்னத் திட்டட்டா?"

"திட்டுங்க."

எழுந்தார். நடந்துகொண்டே ஆரம்பித்தார். "ஏன்டா, எலுமிச்சம்பழத்த வெச்சிகினு ஊர ஏமாத்தறதுக்கு நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா? பல்லு போன மாட்ட ரெண்டு பல்லு இளசுன்னு வித்தவன்லாம் என் கையில மாட்டியிருக்கான். அவனுக்குக் கூட உன் வாயி இல்ல. பண்டசோழநல்லூர்ல கேக்குமாம். என் வூட்டுக் கூடத்துலயே கேக்கல."

டீக்கடை வரைக்கும் போனார். நானும் பின்னாலேயே போனேன். குனிந்து பேச வைத்தேன், நிமிர்ந்து பேச வைத்தேன், இடது கைக்கு மாற்றிப் பேச வைத்தேன். திட்டு நிற்கவில்லை. என் பிறப்பு, என் கடை போர்டின் எழுத்துப்பிழை, என் வழுக்கை, எல்லாம் வந்தது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னாண்ணே, யாரு இவ்ளோ அழகா உன்னத் திட்றது?"

"கஸ்டமரு" என்றேன். "வுடு, இன்னும் பத்து நிமிசம் இருக்குது."

வாழ்க்கையில் அத்தனை திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவருக்கே வாய் வலித்துவிட்டது. மெஷினுக்கு வலிக்கவில்லை.

இப்போது என் மருமகள் கடையில் அந்தப் பழக்கத்தை வைத்திருக்கிறாள். கடிகாரம் என்றால் சுவரில் மாட்டி ஒரு இரவு ஓடவிட்டுத்தான் கொடுப்பாள். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் என்றால் வந்தவர் கையிலேயே ஐந்து தடவை கட்டிப் பார்ப்பாள். சாமானை வாங்கும்போதே, "வீட்ல இத எதப் போட்டுத் தேச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவாள். கோபமாகக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இவையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவை என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு யார் சொன்னார்கள் என்று உங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை கரியமாணிக்கத்துக்குப் போனேன். என்னை அழைத்திருந்தார்கள். அழைக்காவிட்டாலும் போயிருப்பேன். சட்டைப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், இரண்டு புது பேட்டரி, ஒரு ஸ்பிரிங், மடித்த சாக்லேட் காகிதம். பந்தலில் முதல் வரிசைக்குப் பின்னால் நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன்.

தட்டுகள் வந்தன. தரகரும் மாப்பிள்ளையின் அப்பாவும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்தார்கள். தரகருக்குப் பக்கத்திலேயே அவர் தம்பி, பட்டு வேட்டியில், எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தரகர் மெஷினைக் கழுத்தில் வைத்தார். "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு."

பிள்ளைகள் இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள்.

இரண்டாவது தடவை. "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை வரவில்லை.

தரகர் மெஷினைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டார். மேகலா தலையை நிமிர்த்தினாள். எந்த இடம் விட்டுப் போயிற்று? ஒயரா? அந்த ரயில் பொம்மை ஸ்பிரிங்கா? தம்பி கனைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, "பாக்கு..." என்று ஆரம்பித்தார். நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டேன். இரண்டு பேர் காலை மிதித்துக்கொண்டு பாய் ஓரம் வரைக்கும் வந்துவிட்டேன்.

தரகர் ஒரு கையைத் தூக்கினார். தம்பி நிறுத்தினார். நானும் நின்றேன்.

தோளிலிருந்த பச்சைக் கரைத் துண்டை எடுத்து உதறினார். சம்மந்தியின் வலது கையைத் தன் கையில் வாங்கி, மேலே துண்டைப் போட்டு மூடினார். அந்த சம்மந்தி இவரிடம் இரண்டு ஜோடி உழவு மாடு விலை பேசி வாங்கியவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு உள்ளே ஒரு குலுக்கு.

சம்மந்தி துண்டை விலக்காமலே சபையைப் பார்த்தார். "மூணாவதுக்குக் கை குடுத்துட்டாரு. முடிஞ்சிதுப்பா" என்றார்.

குலவைச் சத்தம் எழுந்தது. நான் இன்னும் ஸ்குரூ டிரைவரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தரகர் சாவகாசமாக மெஷினை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"மெஷினு நல்லாத்தான் இருக்குது, ரேடியோக்காரா. போயி ஒக்காரு. கையில இருக்கறத உள்ள வை, சம்மந்தி பயப்பட்றாரு."

பந்தல் முழுதும் சிரித்தது. போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பந்திக்கு அழைத்தார்கள். எல்லோர் இலையிலும் லட்டு, வடை, ஜாங்கிரி. என் இலையில் மட்டும் அவற்றோடு ஓரத்தில் முழுதாக ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. எதிர்ப் பந்தியில் தரகர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.